பலகையில் ஏறிய பிழைகள்

இங்கிலாந்தின் சிற்றூர் எதற்குப் போனாலும் இரண்டு கட்டடங்கள் பெரும்பாலும் கண்ணில் படும். ஒன்று தேவாலயம். மற்றொன்று ‘பப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் மதுவிடுதி. பப்பின் வாசலில் இரண்டு பலகைகள் இருப்பது வழக்கம். உயரத்தில் இரும்புக் கம்பியில் தொங்குவது பெயர்ப்பலகை. அதில் சிங்கமோ, மானோ, மன்னரின் தலையோ தீட்டப்பட்டிருக்கும். கீழே நடைபாதையில் கால் விரித்து நிற்பது கரும்பலகை. அன்றைய சாப்பாடு என்ன, விலை என்ன என்பதை வெண்கட்டியால் எழுதி வைத்திருப்பார்கள்.

மேலே உள்ள பலகையில் ‘யீ ஓல்டு’ என்று பொன்னெழுத்தில் இருந்தால், சுற்றுப்பயணிகள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கீழே உள்ள பலகையில் உருளைக்கிழங்கைக் குறிக்கும் ‘பொட்டேட்டோஸ்’ என்ற சொல்லின் இறுதி எழுத்துக்கு முன்னால் தேவையில்லாத ஒரு சிறு குறி விழுந்திருந்தால், அதையும் படம் எடுக்கிறார்கள். ஆனால், அது நண்பர்களுக்கு அனுப்பிச் சிரிப்பதற்காக. உண்மையில் இரண்டுமே எழுத்துப் பிழைகள்தாம். ஒன்று பாரம்பரியம் ஆகிவிட்டது. மற்றொன்று படிப்பறிவின்மைக்குச் சான்று ஆகிவிட்டது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை அறிய, பெயர்ப்பலகை பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

படிக்காதவர்களுக்காகப் பிறந்த பலகை

1393-ஆம் ஆண்டில் இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் காலத்தில், ‘ஏல்’ எனும் மதுவைக் காய்ச்சி விற்பவர்கள் வாசலில் ஓர் அடையாளம் தொங்கவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. தவறினால் மது பறிமுதல். குடிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது இதன் முதல் நோக்கமன்று. மதுவின் தரத்தைச் சோதிக்க வரும் அதிகாரி, எந்த வீட்டில் விற்பனை நடக்கிறது என்பதை எளிதில் கண்டுகொள்ள வேண்டும். அந்த அதிகாரிக்கு ‘ஏல் சுவைப்பவர்’ என்றே பெயர். நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான் ஷேக்ஸ்பியர், 1556-இல் ஸ்ட்ராட்ஃபோர்டு நகரில் இந்தப் பொறுப்பை வகித்தவர்.

அன்றைய மக்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே, பலகையில் எழுத்தைவிடப் படம்தான் முக்கியம். ரிச்சர்ட் மன்னரின் சொந்தச் சின்னம் வெள்ளை மான். மன்னருக்கு விசுவாசம் காட்ட விரும்பிய கடைக்காரர்கள் அந்த மானையே வரைந்து மாட்டினார்கள். இன்றும் ‘ஒயிட் ஹார்ட்’ என்ற பெயரில் இங்கிலாந்து முழுவதும் பப்கள் இருப்பதற்கு இதுவே காரணம். சிவப்புச் சிங்கம், கிரீடம், மணி, கலப்பை என்று கண்ணால் பார்த்தவுடன் வாயால் சொல்லக்கூடிய பெயர்களாகவே மற்றவையும் அமைந்தன.

எழுத்து பின்னால்தான் வந்தது. வந்தபோதும், இதுதான் சரியான எழுத்துக்கூட்டு என்று சொல்ல ஆள் இல்லை. ஷேக்ஸ்பியரின் கையொப்பங்களில் எஞ்சியிருப்பவை ஆறு. தம் பெயரை அவர் அவற்றில் ஒரே மாதிரி எழுதவில்லை. அதற்காக அவரை யாரும் எள்ளி நகையாடவில்லை. ஒலி கேட்டால் போதும், எழுத்து எப்படியும் இருக்கலாம் என்ற காலம் அது. சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற ஆங்கில அகராதி வெளிவந்தது 1755-இல். எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல ஒரு நிலைக்கு வந்ததை அந்த அகராதி உறுதிப்படுத்தியது. அதற்கு முன்னரே பல தலைமுறைகள் மது ஊற்றிய பப்கள் இருந்தன. அதாவது, ‘பிழை’ என்ற எண்ணத்தைவிடப் பலகைக்கு வயது அதிகம்.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. படித்தவர்கள் பழைய பெயர்ப்பலகைகளுக்குப் பொருள் தேடத் தொடங்கினார்கள். பொருள் விளங்காத பெயரையெல்லாம் பாமர மக்கள் தப்பாகக் காதில் வாங்கியதால் வந்த பெயர் என்று விளக்கம் சொன்னார்கள். ‘ஆடும் கவராயமும்’ என்ற பொருள்படும் ஒரு பெயர் உண்டு. ‘இறைவன் நம்மைச் சூழ்ந்திருக்கிறான்’ என்ற ஆங்கில வாக்கியம் திரிந்து அப்படி ஆனதாம். தெற்கு இலண்டனில் ‘எலிஃபண்ட் அண்ட் காசல்’ என்றொரு வட்டாரம் இருக்கிறது. அங்கிருந்த விடுதியின் பெயரே ஊர்ப்பெயராகிவிட்டது. ‘இன்ஃபன்டா டி காஸ்டீல்’ என்ற ஸ்பானிய இளவரசியின் பட்டத்தைச் சொல்லத் தெரியாதவர்கள் அதை யானையும் கோட்டையுமாக ஆக்கிவிட்டார்கள் என்பது கதை.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஆதாரம் இல்லை. யானை முதுகில் கோட்டையைச் சுமக்கும் உருவம், கத்தி, வாள் செய்யும் கைவினைஞர்களின் சங்கச் சின்னத்தில் உள்ளது. யானைத் தந்தத்தில் கைப்பிடி செய்தவர்கள் அவர்கள். ஐரோப்பிய ஓவியர்கள் ‘கோட்டை’ என்று வரைந்தது வேறொன்றுமில்லை, யானை மேல் வைக்கும் அம்பாரியைத்தான். இங்கே தப்பாகப் புரிந்துகொண்டவர் பலகை வரைந்த பாமரர் அல்லர். விளக்கம் எழுதிய படித்தவர்.

முள் எழுத்து ‘ஒய்’ ஆன கதை

‘யீ ஓல்டு’ என்பதற்கு ‘அந்தப் பழைய’ என்று பொருள். இலண்டன் ஃபிளீட் தெருவில் ‘யீ ஓல்டு செஷயர் சீஸ்’ என்ற பப் இருக்கிறது. 1666-இல் இலண்டன் மாநகரை அழித்த பெருந்தீயில் எரிந்துபோய், மறு ஆண்டே திரும்பக் கட்டப்பட்டது. நாட்டிங்ஹாமில் பாறையைக் குடைந்த அறைகளோடு இருக்கும் ‘யீ ஓல்டு டிரிப் டு ஜெருசலேம்’ தன் சுவரில் 1189 என்று ஆண்டு எழுதி வைத்திருக்கிறது. இப்போதைய கட்டடம் அதைவிடப் பல நூற்றாண்டுகள் இளையது என்பது ஆய்வாளர்களின் முடிவு. மது ஊற்றும் இடத்தில் கணக்குக் கொஞ்சம் தாராளமாக இருப்பதில் வியப்பில்லை.

பலரும் அந்த முதல் சொல்லை ‘யீ’ என்றே வாசிக்கிறார்கள். பழைய ஆங்கிலேயர் எவரும் அப்படிச் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் இன்று ‘டி, ஹெச்’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதும் ஒலிக்கு முற்காலத்தில் ஒரே எழுத்து இருந்தது. அதன் பெயர் ‘தார்ன்’. முள் என்று பொருள். கையெழுத்துச் சுவடிகளில் நாளடைவில் அதன் தலை திறந்துகொண்டு, பார்ப்பதற்கு ‘ஒய்’ எழுத்தைப் போல ஆகிவிட்டது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் தொடங்கினார். அக்கால அச்செழுத்துகள் ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்து வந்தவை. அங்கே இந்த முள் எழுத்துக்கு வேலை இல்லை. எனவே, அச்சுக் கோப்பவர்கள் அந்த இடத்தில் ‘ஒய்’யைப் போட்டுச் சமாளித்தார்கள். வாசித்தவர்கள் ‘த’ என்றே வாசித்தார்கள். யாருக்கும் குழப்பமில்லை.

நம் ஏட்டுச் சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதியதால், காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றிப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்த தமிழர்களுக்கு இது புதிய செய்தியன்று.

காலம் போகப் போக முள் எழுத்து மறந்துபோனது. ‘ஒய்’ மட்டும் மிஞ்சியது. 19-ஆம் நூற்றாண்டில் பழமைக்கு மவுசு ஏறியபோது, கடைக்காரர்கள் பழைய ஏடுகளில் பார்த்த அந்த வடிவத்தைப் பலகையில் ஏற்றினார்கள். ‘ஓல்டு’ என்ற சொல்லுக்கு வாலாக ஓர் ‘இ’யும் ஒட்டிக்கொண்டது. அச்சுப் பெட்டியில் ஓர் எழுத்து இல்லாமல் போனதால் வந்த ஒட்டுவேலை, இன்று தொன்மையின் முத்திரையாகப் பொன் பூசிக்கொண்டு நிற்கிறது.

தோளில் தொங்கும் காற்புள்ளி

கீழே உள்ள கரும்பலகைக்கு வருவோம். அதில் அடிக்கடி சிரிப்புக்கு ஆளாவது ‘அபாஸ்ட்ரஃபி’ எனும் குறி. காற்புள்ளியைத் தூக்கி எழுத்தின் தோளில் மாட்டியது போல இருக்கும். இன்னாருடையது என்ற உடைமையைக் காட்டவும், சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டதைக் காட்டவும் அது பயன்படுகிறது. பன்மைக்கு அது கூடாது. ஆனால், தக்காளி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், பீட்சா என்று எதைப் பன்மையில் எழுதினாலும் ‘எஸ்’ எழுத்துக்கு முன்னால் அதைக் குத்தி வைப்பவர்கள் ஏராளம். இதற்கு ‘காய்கறிக்கடைக்காரரின் அபாஸ்ட்ரஃபி’ என்று இங்கிலாந்தில் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். வக்கீலோ வங்கி அதிகாரியோ இதே பிழையைச் செய்தாலும் பெயர் என்னவோ காய்கறிக்கடைக்காரருக்குத்தான்.

இந்தக் குறி ஆங்கிலத்திற்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு அச்சுப் பழக்கத்தைப் பார்த்து. அப்போது எழுத்து விடுபட்டதைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. உடைமையைக் காட்டும் வேலை 17-ஆம் நூற்றாண்டில் பரவி, பன்மைச் சொற்களுக்கு எங்கே போடுவது என்பது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஒருவாறு ஒழுங்குக்கு வந்தது. அதற்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. அயல்மொழியிலிருந்து வந்து உயிரெழுத்தில் முடியும் சொற்களுக்குப் பன்மை எழுதும்போது, ‘எஸ்’ எழுத்துக்கு முன் இந்தக் குறியைப் போடுவது 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கற்றறிந்தோர் நூல்களிலேயே காணப்பட்டது. அது அன்று பிழையன்று.

இப்போது பொட்டேட்டோ, டொமேட்டோ, பனானா ஆகிய சொற்களைக் கவனிக்க வேண்டும். மூன்றும் அயல்மொழிச் சொற்கள். மூன்றும் உயிரெழுத்தில் முடிகின்றன. வெண்கட்டியோடு குனிந்து எழுதும் கடைக்காரர், தமக்குத் தெரியாமலேயே, பெரிய மனிதர்கள் நூல்களில் கையாண்ட வழக்கத்தைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார்! இலக்கண ஆசிரியர்கள் மனம் மாறிய செய்தி அவருடைய கடைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

உருளைக்கிழங்கு பெரிய மனிதர்களையும் விட்டு வைத்ததில்லை. 1992-இல் அமெரிக்கத் துணை அதிபர் டான் குவேல், நியூ ஜெர்சி மாநிலப் பள்ளி ஒன்றில் எழுத்துக்கூட்டுப் போட்டியை நடத்தி வைத்தார். ஒரு மாணவன் கரும்பலகையில் அச்சொல்லைச் சரியாகவே எழுதினான். கையிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஓர் ‘இ’ சேர்க்கும்படி அவனைத் திருத்தினார் துணை அதிபர். அட்டைதான் தவறு. தொலைக்காட்சிப் படக்கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய அரசியல் வாழ்வில் வேறு எது மறந்தாலும் இது மறக்கப்படவில்லை.

காவலர்களும் நகர மன்றங்களும்

இந்தக் குறியைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் 2001-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஜான் ரிச்சர்ட்ஸ். லிங்கன்ஷயரின் பாஸ்டன் நகரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற பத்திரிகையாளர். பிழையோடு பலகை வைத்திருக்கும் கடைகளுக்கும் நூலகங்களுக்கும் அவர் பணிவாகக் கடிதம் எழுதுவார். யாரையும் திட்டமாட்டார். முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் பணிகளுக்கென வழங்கப்படும் ‘இக் நோபல்’ விருது அதே ஆண்டில் அவருக்குக் கிடைத்தது. 2019-இல், தம் 96-ஆம் வயதில், சங்கத்தை மூடுவதாக அறிவித்தார். அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டன என்பது அவர் சொன்ன காரணம். 2021-இல் அவர் மறைந்த பிறகு வேறு சிலர் அந்தப் பணியை எடுத்துக்கொண்டார்கள்.

அவருடைய சோர்வுக்குக் கடைக்காரர்கள் மட்டும் பொறுப்பல்லர். பர்மிங்ஹாம் நகர மன்றம் 2009-இல் தெருப் பெயர்ப்பலகைகளில் இக்குறி வேண்டாம் என்று முடிவெடுத்தது. கேம்பிரிட்ஜ் நகரமும் புதிய தெருக்களுக்கு அப்படியே செய்யப் போய், 2014-இல் எதிர்ப்பு வலுத்ததும் பின்வாங்கியது. 2024-இல் வட யார்க்‌ஷயரில் இதே கதை. கணினியில் முகவரி தேடும்போது இந்தக் குறி இடைஞ்சல் செய்கிறது என்று விளக்கம் கூறப்பட்டது. மக்கள் விடவில்லை, அங்கும் முடிவு மாற்றப்பட்டது. இலண்டன் நிலத்தடி இரயிலில் பிக்கடில்லி தடத்தில் அடுத்தடுத்து வரும் இரு நிலையங்களில் ‘ஏர்ல்ஸ் கோர்ட்’டுக்கு இக்குறி உண்டு, ‘பேரன்ஸ் கோர்ட்’டுக்கு இல்லை. தினமும் அவ்வழியே போகிறவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள்?

அரசாங்க அலுவலகம் குறியை எடுத்தால் அது ‘கொள்கை முடிவு’. கடைக்காரர் குறியை விட்டுவிட்டால் அது ‘அறியாமை’. 2017-இல் பிரிட்டிஷ் ஊடகங்கள் பிரிஸ்டல் நகரத்து மனிதர் ஒருவரைப் பற்றிப் பேசின. நீண்ட கழியின் நுனியில் ஒட்டுத்தாளைப் பொருத்திக்கொண்டு, ஊர் உறங்கும் வேளையில் கடைப் பலகைகளின் பிழைகளைத் திருத்தி வந்தவர் அவர். முகத்தைக் காட்டாமலே பேட்டி கொடுத்தார். அவர் கழி பெரும்பாலும் நீண்டது சிறு கடைகளின் பக்கம்.

பட்டியலில் வந்த பாலைவனம்

உணவுப் பட்டியலில் பிழை மலிவதற்குத் தனிக் காரணம் உண்டு. பெயர்ப்பலகையை ஓவியர் ஒருமுறை எழுதினால் பல ஆண்டுகள் நிற்கும். கரும்பலகையை அன்றன்று எழுத வேண்டும். எழுதுகிறவர் சமையற்கட்டில் வெங்காயம் நறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவராக இருப்பார். மெய்ப்புப் பார்க்க யாரும் இல்லை. போதாக்குறைக்கு, பட்டியலில் உள்ள பெயர்களில் பாதி அவருடைய மொழியும் அல்ல. பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் என்று ஊர் ஊராகப் பொறுக்கியவை.

சாப்பாட்டுக்குப் பின் உண்ணும் இனிப்புக்கு ஆங்கிலத்தில் நடுவே இரண்டு ‘எஸ்’ வேண்டும். ஒன்றை விட்டால் பாலைவனம் ஆகிவிடும். ‘இன்றைய பாலைவனங்கள்’ என்று தலைப்பிட்ட பலகைகள் இல்லாத ஊர் இல்லை. ‘சீசர் சாலட்’ 1924-இல் மெக்சிகோவின் டிஹுவானா நகரில் சீசர் கார்டினி என்பவர் ஆக்கியது என்பர். அவர் பெயரில் ‘ஏ’யும் ‘இ’யும் இடம் மாறி வராத பட்டியலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இத்தாலிய ரொட்டியான ‘பானினி’ அம்மொழியில் பன்மைச் சொல். அதற்கு மேலும் ‘எஸ்’ சேர்த்துப் ‘பானினிஸ்’ என்பது ‘மரங்கள்கள்’ என்பதைப் போன்றது. ஆனால், இதற்கு இத்தாலியர் மட்டுமே முகம் சுளிக்கிறார்கள், ஆங்கிலேயர் கண்டுகொள்வதில்லை. பிறர் மொழியைப் பிழையாக எழுதுவது ஆங்கிலப் பட்டியலில் பிழைக் கணக்கில் சேர்வதில்லை.

மிளகுத் தண்ணீரும் கஞ்சியும்

இந்தப் பட்டியலில் தமிழுக்கும் இடம் உண்டு. ‘கறி’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்த ‘கரி’ இன்று பிரிட்டிஷ் பப்களில் சாதாரணச் சாப்பாடு. 1747-இல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி வெளியிட்ட சமையல் நூலில் அதன் செய்முறை வந்தது. அன்று அவர் எழுதிய எழுத்துக்கூட்டு வேறு, இன்றைய எழுத்துக்கூட்டு வேறு.

இதைவிடச் சுவையானது மிளகுத் தண்ணீரின் கதை. சென்னைப் பகுதியில் வாழ்ந்த ஆங்கிலேயர், சூப்பு வேண்டும் என்று சமையற்காரர்களை நச்சரித்தபோது அவர்களுக்குக் கிடைத்தது இரசத்தின் உறவுக்காரப் பண்டமான மிளகுத் தண்ணி. அதைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ‘முலகி-டானி’, ‘முல்லகா-டானி’, ‘முலிகட்டனி’ என்று ஆளுக்கொரு விதம். ஹைதர் அலியின் சிறைக்கைதியாக இருந்த ஆங்கிலேயக் கடற்படையாளர் ஒருவர் தம் சிறைவாசத்தைப் பற்றிப் புனைந்த பாட்டு 1784-இல் வெளியானது. மிளகுத் தண்ணியும் கஞ்சியும்தான் அங்கே சாப்பாடு என்று அவர் அதில் அலுத்துக்கொள்கிறார். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் கிடைத்துள்ள முற்பட்ட சான்றாக அதையே காட்டுகிறார்கள்.

கடைசியில் நிலைத்தது ‘முல்லிகட்டானி’. அதன் பின்பாதியை எழுதும் விதத்தைப் பார்த்தால், தண்ணீருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆங்கிலத்தில் அந்த எழுத்துகளுக்கு மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் என்று வேறு பொருள் உண்டு. தெரியாத தமிழ்ச் சொல், தெரிந்த ஆங்கிலச் சொல்லின் சட்டையைப் போட்டுக்கொண்டது. ஸ்பானிய இளவரசி யானையான கதையைச் சொல்லிப் பாமரர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள், இங்கே தாங்களே அதைச் செய்திருக்கிறார்கள். இதற்கு ஆதாரம் உறுதியாகவே உள்ளது. 1886-இல் யூல், பர்னல் இருவரும் தொகுத்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியில் இச்சொல்லின் தமிழ் மூலம் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. காதில் விழுந்ததைத் தப்பாக எழுதியவர் அதிகாரத்தில் இருந்தார். ஆகவே அது அகராதியில் ஏறிவிட்டது. இப்போது எவரேனும் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப அதை எழுதினால், ஆங்கிலேய வாடிக்கையாளர் எழுத்துப் பிழை என்று சுட்டிக்காட்டுவார்.

கஞ்சியின் பயணம் இன்னும் நீளம். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பெரிய ஓட்டல்களின் காலை உணவு மேசையில், சீனர் பாணியில் குழையக் காய்ச்சிய அரிசி உணவு ஆவி பறக்க வைக்கப்பட்டிருக்கும். மலாய்க்காரர் அதைப் ‘புபோர்’ என்பர். சீனருக்கும் அதற்குத் தங்கள் மொழியில் பெயர் உண்டு. ஆனால், மேசை மேல் உள்ள அட்டையில் ஆங்கிலத்தில் இருப்பது ‘காஞ்ஜீ’. சீ, ஓ, என், ஜீ, இ, இ என்ற ஆறு எழுத்துகள். தமிழ்க் கஞ்சிதான் அது, கப்பலேறிப் போய்ச் சுற்றி வந்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் தமிழ்ப் பள்ளி மாணவன் தன் காதுக்குச் சரியாகப் படும்படி கே, ஏ, என், ஜே, ஐ என்று எழுதினால், ஆங்கிலப் பாடத்தில் அதற்குச் சிவப்புக் கோடு விழும். அந்த ஐந்து எழுத்துகளை ஆங்கில அகராதியில் தேடினால் முதலில் கண்ணில் படுவது, ஜப்பானியர் தங்கள் மொழியை எழுதப் பயன்படுத்தும் சீன எழுத்துகளின் பெயர்.